யன்னலோரத்து வெள்ளிக் குதிரைக்காரர்

டேனிஷ் நகரமான ஹேர்னிங்குக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் சாமியறை என்பது ஒரு யன்னலோரம்தான். மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய வெள்ளிக்காசு ஒன்று அதில் இருந்தது. அவளுடைய தாய்வீட்டு வளவில் கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். வாளை ஓங்கியபடி குதிரையில் போகும் ஒருவர் அதில் இருந்தார். அவர்கள் வீட்டில் அவரை ஐயனார் என்றே கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். வெளியே பகல் முழுக்கப் பனி கொட்டும். விளக்குச் சுடர் அசையும்போது குதிரை அந்த வெண்மைக்குள் மெல்ல நடப்பது போலிருக்கும். பார்த்தபடியே இருந்துவிடுவேன்.

மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முதற்பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிள்ளையை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் பழப்புளியால் தேய்த்துக் கழுவி, அவருக்குச் சந்தனம் வைப்பாள்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவர் கோப்பி குடிக்க வந்தார். பழைய காசு சேர்க்கிறவர். தலையில் கை வைத்துவிட்டார். தேய்த்தால் உருவம் அழிந்துவிடும் என்று பதறினார்.

"சாமியைக் குளிப்பாட்டாமல் விடுறதோ? அவருக்குச் சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன். கிழவர் சிரித்தார். இது முன்பு எங்கள் ஊரை ஆண்ட ஒல்லாந்தரின் காசு, இவர் ஒரு போர்வீரர் என்றார். அந்த நாளில் ஒல்லாந்தரின் நாட்டில் எல்லாவற்றையும் ஆளும் ஒரே அரசு இல்லை, ஒவ்வொரு மாகாணமும் தானே வெள்ளிக்காசு அடித்ததாம். என் அரைகுறை டேனிஷில் விளங்கியதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் காசைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரிட்டை கேட்டனான்?"

அதன்பிறகு சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவாள். வயிற்றில் கையை வைத்தபடி, யன்னலைப் பாராமல் இருப்பாள். நான் முருகனையும் அம்மாளாச்சியையும் மாறி மாறிக் கூப்பிட்டேன்.

கிழவருக்கும் மனம் கேட்கவில்லை போலும். தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தார். ஒரு பக்கம் நிறைய வெள்ளிக்காசுகள். எல்லாவற்றிலும் அதே குதிரை, அதே வாள். குதிரையின் காலடியில் இருந்த சின்னம் மட்டும் வேறு வேறு. எங்கள் காசில் அலைக்குள்ளிருந்து பாதி எழும்பும் சிங்கம். அது கடலோர மாகாணம் ஒன்றின் சின்னமாம்.

அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"இஞ்சருங்கோ, மாகாணம்தானே வேறை?"

"ஓம்."

"ஆள் ஒராள்தானே?"

"ஓம், ஒராள்தான்."

"பின்னை என்ன! எங்கடை ஐயனாருக்கும் ஊருக்கொரு கோயில் இருக்குத்தானே? கோயில் வேறை எண்டால் ஆளும் வேறையோ? இதுக்குப் போய் என்னைப் பயப்பிடுத்திப்போட்டியள், ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து!"

என்ன சொல்கிறாள் என்று கிழவர் என் முகத்தைப் பார்த்தார். இதை நான் எந்த டேனிஷில் சொல்ல?

"உங்களுக்கு நன்றி சொல்லுறா," என்றேன்.

அவள் குசினிக்குள் போய், ஆறிப்போன சோற்றில் சொதியை ஊற்றி, நின்றபடியே சாப்பிடத் தொடங்கினாள்.