சிங்க முத்திரைக் கரண்டி

நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய இங்கிலீஷ் வெள்ளிக் கரண்டிகளைப் புளியும் சாம்பலும் குழைத்துத் தேய்க்க உட்கார்ந்தால், முந்தல் தென்னந்தோட்டத்துப் பங்களாவின் குசினிதான் மணக்கும். இப்போது அந்த இடமெல்லாம் இறால் குளம். அன்று வாப்பா அங்கே சமையல்காரர். வெள்ளைக்காரர் விட்டுப்போன கரண்டிகளை, பின்பக்கத்துக் குட்டிச் சிங்க முத்திரை பளிச்சிடும்வரை மினுக்கிக்கொண்டே இருப்பார்.

ஏழு வயதில் அதில் ஒன்றால், முதலாளிக்கு அவித்து வைத்திருந்த இனிப்பு வட்டிலப்பத்தைக் களவாக வழித்துத் தின்று முடித்த பிறகுதான், வெள்ளியில் தின்றவன் வயிற்றில் நரக நெருப்புக் கடகடக்கும் என்று ஓதப்பள்ளியில் குர்ஆன் சொல்லித்தந்த லெப்பை சொன்னது ஞாபகம் வந்தது. வந்த கையோடு வயிறும் கடகடத்தது. அணைக்கலாமென்று இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். இன்னும் பலமாகக் கடகடத்தது.

“வாப்பா, எனக்குள்ள நெருப்புப் பத்திட்டு!”

வாப்பா குனிந்து என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“நெருப்பில்ல மகன். களவெடுத்த வட்டிலப்பம் வெளிய வர வழி கேக்குது.”

“அப்ப நீங்க வெள்ளிக் கரண்டியால ருசி பாக்கிறது?”

அடுப்பில் கொதித்த கறியாணத்தைக் கரண்டியால் அள்ளி உள்ளங்கையில் ஊற்றி நக்கிக் காட்டினார். வெள்ளி அவர் வாயில் பட்டதேயில்லை.

“தின்ன ஏலாத கரண்டி என்னத்துக்கு?” என்று என் மனைவி கேட்பா. அவ அந்தப்பக்கம் போனதும், மினுக்கிய வெறுங்கரண்டியை உள்ளங்கையில் கவிழ்த்து, கையை நக்கிப் பார்ப்பேன். புளிக்கும். அந்த நேரம் பார்த்து வயிறும் கடகடக்கும். காது வைத்துக் கேட்கத்தான் ஆளில்லை.