செத்த பிறகு வரும் பாட்டு

அலுவலகத்தில் அவனுக்கு லூப்பு என்று பெயர். வீடியோ கேமுக்கு இசை போடுகிறவன். சண்டை முடியும்வரை ஒரே மெட்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரவேண்டும், ஒட்டுப் போட்ட இடம் தெரியக்கூடாது; அந்த வேலைக்குத்தான் லூப் என்று பெயர். அதில் அவன் கில்லாடி. வேறு எதிலும் அவனைக் கில்லாடி என்று சொந்தக்காரர்கள் யாரும் சொன்னதில்லை. "இன்னும் பொம்மைக்குத்தான் பாட்டு போடறானா?" என்று விசாரிப்பார்கள். அவனுக்காகப் பரிந்து பேச அக்கா ஒருத்திதான் உண்டு. "பொம்மைக்குப் போட்டா மட்டும் பாட்டு இல்லன்னு ஆயிடுமா?" என்பாள்.

அந்த அக்கா, கணவனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு வந்து தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். கண் டாக்டரிடம் வரவேற்பு வேலை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், பாத்திரம் கழுவுகிற சாக்கில், திறந்தாலே விசிலடிக்கிற குழாயைத் திறந்துவிட்டு, வார்த்தையில்லாமல் எதையோ முனகுவாள். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு மெட்டு தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. கேமில் வீரன் செத்து விழும்போது வரவேண்டிய மெட்டு. எதைப் போட்டுக் காட்டினாலும் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு ஞாயிறு தண்ணீர் குடிக்கப் போனவன் சமையலறைக் கதவருகே நின்றுவிட்டான். கைபேசியை எடுத்தான். அவள் முனகி முடிக்கும்வரை பதிவுசெய்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான். மேலே கொஞ்சம் வயலின் பூசிக் கொடுத்தான். மேலாளர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அக்காவிடம் அவன் சொல்லவில்லை. செத்ததும் எவன் உட்கார்ந்து பாட்டு கேட்கப்போகிறான், 'மறுபடி ஆடு' பொத்தானைத்தானே அமுக்குவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

அப்புறம்தான் கம்பெனிக்குப் புது யோசனை வந்தது. கேம் வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்கிறவர்கள் இருக்கிறார்களாம். அதைத் தனியாக விற்கப்போகிறார்களாம். "எல்லாத்தையும் முழுசா குடுத்துடு, லூப்பு. அந்தச் சாவுப் பாட்டைத்தான் முதல்ல வைக்கணும்" என்றார் மேலாளர். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆல்பம் அட்டையில் உன் பெயர் மட்டும்தான் வரும் என்று அவர் சொன்னதும், வந்த சொல்லை விழுங்கிவிட்டான்.

ஆல்பம் வந்தது. எல்லாரும் அந்த ஒரு பாட்டையே பிடித்துக்கொண்டார்கள். "யாருங்க அந்தக் குரல்?" என்று கேட்டவர்களிடம், கம்ப்யூட்டரில் செய்தது என்றான். சொன்ன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடா, காய்ச்சலா?" என்று அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் இன்னைக்கு வெயிட்டிங் ரூம்ல உன் ஆல்பம் போட்டாரு. கண்ணுக்கு மருந்து விட்டு உக்காந்திருந்தவங்க எல்லாம் அசையாம கேட்டாங்க" என்றாள். "அந்த முதல் பாட்டுக்குப் பின்னாடி நம்ம வீட்டுக் குழாய் விசிலடிக்குதுடா."

அவன் தரையைப் பார்த்தான். "கேக்காம எடுத்துட்டேன்க்கா. தப்புதான். நாளைக்கே உன் பேரைப் போடச் சொல்றேன்."

"பேரை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?" அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் குழாயைத் திறந்து விடுவேன். உனக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுச்சுக்கா."

"கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னியா?"

"ஆமா."

"நான் முடிக்கிறவரைக்குமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"உள்ள வந்திருக்கலாமேடா" என்றாள் அக்கா.