ரகுபதியின் இடது கை

ரகுபதியின் இடது கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. டிரெய்லர் ஓட்டும்போது கியரைப் பிடித்திருக்கும். இறங்கினால் தண்ணீர் பாட்டில், ஒன்றும் இல்லாவிட்டால் தோளில் கிடக்கும் துண்டின் முனை. காரணம் அவர் மனைவி செல்லம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எதையாவது பிடித்திருந்தால் அந்தக் கை கல்லு மாதிரி நிற்கும். விட்டால் நடுங்கும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற ஆளுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தால் எந்த முதலாளி சாவியைக் கொடுப்பான்? சாவி போனால் சோறும் போச்சு.

அவருடைய முதலாளி ஞானதுரை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திருவொற்றியூரில் லாரி ஆபீஸ். அவர் மகள் ஜெமிமா ஒரு கார் கம்பெனியில் இருந்தாள். என்ன வேலை தெரியுமா? டிரைவர் பட்டனைத் தொடாமல், காற்றில் கையை அசைத்தாலே பாட்டுச் சத்தம் கூட வேண்டும், ஏசி குறைய வேண்டும், போன் கட்டாக வேண்டுமாம். எதற்கு எப்படி அசைப்பது என்று யோசித்துச் செய்வது அவள் வேலை. பட்டனை அமுக்கினால் என்ன கேடு என்று என்னைக் கேட்காதீர்கள்.

செய்ததைச் சோதிக்க அவளுக்கு நிஜ டிரைவர்கள் வேண்டியிருந்தது. ரகுபதி நழுவப் பார்த்தார். “எனுக்கு இன்னாத்துக்கு மொதலாளி? நான் லோடு ஏத்திகினு போறேன். தீனாவ அனுப்புங்க.”

“அவனுந்தாம்ல போறான். பாப்பா ஒன்னையத்தான் மொதல்ல கேட்டா. சின்னதுல அவள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவம்லா நீ.”

எண்ணூர் சாலையோரம் ஒரு கொட்டகை. உள்ளே காரின் முன்பாதி மட்டும் நின்றது. சீட், ஸ்டியரிங், மேலே கேமரா.

“ரகு அங்கிள், கையை எடுத்து விரலை இப்படிச் சுத்துங்க. பாட்டு சத்தம் கூடும்,” என்றாள் ஜெமிமா.

அவர் வலது கையை நீட்டினார்.

“லெஃப்ட், அங்கிள்.”

எடுத்தார். விரலைச் சுற்றுவதற்கு முன்பே பாட்டு அலறியது. அடங்கியது. மறுபடி அலறியது. ஏசி சீறியது. யாருக்கோ போன் போய், கட்டாகி, திரும்பவும் போனது. சுற்றி நின்ற டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “மாமு, கை டான்ஸ் ஆடிகினு கீது பாரு!” என்று தீனா போனைத் தூக்கிப் படம் பிடித்தான். ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்து அவன். ரகுபதி இடது கையை வலது கையால் அமுக்கினார். இரண்டும் சேர்ந்து ஆடின.

ஜெமிமாவுக்கு ஒரே சந்தோஷம். “இதுதான் எனக்கு வேணும்! நடுங்குற கையை கேமரா எப்படிப் படிக்கும்னு யாருமே யோசிக்கலை!” என்று கேமராவில் பதிவான வீடியோவை அப்போதே அப்பாவுக்கு அனுப்பினாள். அடிப்பாவி! கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டியாவது தீர்க்கலாம். அதுவும் இல்லை.

சாயங்காலம் ஞானதுரை கையை நீட்டினார். “சாவியக் குடு.”

“மொதலாளி, புடிச்சா நிக்கும். பக்கத்துல குந்திப் பாருங்க, ஓட்டிக் காட்றேன். இத்தினி வருசத்துல ஒரு கீறல் உண்டா?”

“நாளைக்கு நீ எவன் மேலயாவது வண்டிய ஏத்திட்டேன்னா எவம்ல பதில் சொல்லுவான்?”

சாவி தீனாவுக்குப் போனது. கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டான். வேறு லாரி ஆபீஸ்களில் ஏறி இறங்கினார் ரகுபதி. பலனில்லை. குத்துப்பாட்டு சேர்த்துத் தீனா அனுப்பிய படம் அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது. நல்லா இருப்பானா அவன்?

செல்லம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரமே ஜெமிமா போனில் கூப்பிட்டாள். தினக்கூலிக்கு அந்தப் பாதிக் காரில் உட்கார்ந்து கையை ஆட்ட வேண்டும். “ஓடாத வண்டிதானே அங்கிள், பயமில்லை,” என்றாள். வேறு வழி? போனார்.

முதல் சில நாள் கை நன்றாக ஆடியது. பிறகு ஒருநாள் இடது கையைத் தூக்கினார், அது நின்றது. விரலைச் சுற்றினார், பாட்டு மெல்ல ஏறியது. ரகுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா பாப்பா? நிக்குது! அப்பாகிட்ட சொல்லு!”

ஜெமிமா திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். “மாத்திரை ஏதாவது போடுறீங்களா? நடுக்கம் இல்லைன்னா உங்களை வச்சு நான் என்ன அங்கிள் பண்றது? அதுக்கு வேற டிரைவரே போதுமே.”

மறுநாள் காலையில் செல்லம்மா மாத்திரையும் தண்ணீரும் நீட்டினாள்.

“வாணாம்மே,” என்றார் ரகுபதி. “வேலைக்குப் போவணும்.”