இரண்டு அம்மாக்களின் உத்தரவு

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார நண்பனுக்கும் எனக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. இருவருமே அம்மா சொல்லைத் தட்டாதவர்கள். இறைவன் விலக்கியதைத் தவிர அம்மா எதைச் சொன்னாலும் கேட்க வேண்டும், அதுதான் தன் மார்க்கம் என்பான் அவன். எங்களிலும் சாமிக்கு முன்னால் அம்மாதான் என்பேன் நான். இதில் எங்களுக்குள் பேதமே வந்ததில்லை. அம்மாக்கள் இருவரும் இந்தச் சம்பவம்வரை பேசிக்கொண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், அவன் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தான். அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வந்த புள்ளைய வெறும் வயித்தோட அனுப்பிடாதே. இடியாப்பம் இருக்கு, கவுச்சி ஒண்ணும் இல்ல. சாப்பிடச் சொல்லு."

"முடியாதுலா," என்றான் நண்பன் மலாயில். "வெளிய சாப்பிடாம வான்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. மஸ்ஜித் தானா ஊர்ல, வீட்டுல சமைச்சு வச்சிட்டு உக்காந்திருக்காங்க."

அவன் சாப்பிட்டால் அவன் அம்மா சொல்லை மீறியதாகும். அவனை விட்டால் நான் மீறியதாகும். அவன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்; நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவந்தார்.

கடைசியில் அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவர், "யாரோட அம்மாவா இருந்தா என்ன, பெரியவங்க சொன்னா கேக்கணும். சாப்பிட்டு வா," என்றுவிட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா நெகிழ்ந்துபோனார். உடனே என் பக்கம் திரும்பினார்.

"பாவம், அந்தம்மா ஆசையா சமைச்சு வச்சிருக்கு. இங்க ஒரு வாய்கூட குடுக்காதே. அனுப்பு."

இப்போது அவன் சாப்பிட்டே ஆக வேண்டும். நான் சாப்பிட விடவே கூடாது. அவன் வீட்டுக்குள் நுழையப் பார்த்தான். நான் மறித்தேன். "என்னைப் பாவம் செய்ய வைக்காதே," என்று கெஞ்சினான். எனக்கும் அதே பாவம்தான் என்றேன்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். ரப்பர் எஸ்டேட்டில் பழகிய தன் மலாயில் நெடுநேரம் பேசினார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார்.

"ரெண்டு இடியாப்பம் இங்க. மிச்சத்த பொட்டலம் கட்டித் தரேன், வீட்டுல அம்மாகூட உக்காந்து சாப்பிடட்டும்."

நிம்மதியாக மூச்சு விட்டோம்.

"இன்னொண்ணு. நீங்க ரெண்டு பேரும் சிகரெட்டு ஊதுறீங்களாமே? இன்னையோட விட்டுடணும். நாங்க பேசி முடிச்சிட்டோம்."

அவன் சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். நானும் நீட்டினேன். இன்றுவரை இருவரும் தொடவில்லை. ஆனால் அன்று கிளம்பும்போது அவன் தயங்கித் தயங்கி, "ஃபேக்டரியிலயும் கூடாதா, மாக்சிக்?" என்று அம்மாவை மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டான்.

அம்மா சற்று யோசித்தார்.

"இரு, ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்," என்று மறுபடியும் அவன் போனை வாங்கினார்.