பாக்கியரத்தினம் உபதேசியாரின் குரல்

எங்கள் சபைக்கு ஒலிபெருக்கி வாங்கிய பிறகும் பாக்கியரத்தினம் உபதேசியார் அதன் முன்னால் நின்றதில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களைக் கரைக்கு அணைக்கும் இழுவைப் படகொன்றின் எஞ்சின் அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இரைச்சலுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய தொண்டை. வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்தால் வீதியில் போகிறவனும் சைக்கிளை மெதுவாக்குவான்.

உபதேசியார் என்பது சபை அவருக்குக் கொடுத்த பெயர். போதகருக்கு வேறு சபைகளும் இருந்தன. அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், நோயாளி வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் போய் ஜெபம் பண்ணுவதும் இவர்தான். அவருடைய ஜெபம் நீளமானது. பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். ஆனாலும் அவர் வந்து ஜெபம் பண்ணினால் மனம் ஆறுகிறது என்று சொன்னவர்கள் பலர். நானும் சொல்லியிருக்கிறேன். எந்தத் துன்பத்துக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லைத் தேவன் தனக்குத் தந்த தாலந்தாகவே அவர் நினைத்திருந்தார்.

சாம்பல்தீவில் சசிகரன், லக்சனா என்று ஒரு குடும்பம். வெங்காயத் தோட்டம் செய்கிறவர்கள், எங்கள் சபையார். அவர்களுடைய ஒரே பிள்ளை கெசியா டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டில் நின்று பாக்கியரத்தினம் ஜெபம் பண்ணினார். தேவன் தம்முடைய தோட்டத்தில் உலாவுகிறபோது எல்லாவற்றிலும் அழகான பூவைத்தான் பறிக்கிறார் என்றார். பந்தலில் இருந்தவர்கள் விம்மினார்கள். முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறிலிருந்து லக்சனா ஆலயத்துக்கு வரவில்லை. சசிகரன் மட்டும் வந்து பின் வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போவான். போதகர் போய்ப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்தாள், கதைக்கவில்லை. பாக்கியரத்தினமும் போய் ஜெபம் பண்ணினார். இரண்டாம் முறை போனபோது அவள் எழும்பிக் குசினிக்குள் போனவள், அவர் புறப்படும்வரை வெளியே வரவேயில்லை. துக்கத்தில் அவளுடைய விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த ஞாயிறு ஆராதனையில் அவளுடைய பெயரைச் சொல்லி, இந்த மகளைத் திரும்பக் கொண்டுவாரும் என்று எல்லோருக்கும் கேட்க ஜெபம் பண்ணினார். சசிகரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தொண்டை கரகரத்தது. முதலில் சளி என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பல மாதம் போயும் மாறவில்லை. கடைசியில் கொழும்பில் சோதித்தபோது குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும், இனிக் கதைக்க ஏலாது, மூச்சுக்கூடக் கழுத்தில் போடும் துவாரத்தால்தான் போய்வரும் என்று டொக்டர் விளக்கினார். பாக்கியரத்தினம் கேட்டது ஒன்றே ஒன்று: எப்படியும் கொஞ்சமாவது சத்தம் வராதோ என்று. டொக்டர் பொய் சொல்லவில்லை.

அறுவைக்கு முதல் நாள் யாரோ சொல்லிக் கொழும்புச் சபையொன்றிலிருந்து நாலு பேர் வந்தார்கள். விசுவாசம் இருந்தால் குரல் போகாது என்று கட்டிலைச் சுற்றி நின்று உரக்க ஜெபம் பண்ணினார்கள். அறுவை நடந்தது. குரல் போயிற்று. அவர்களில் ஒருவர் பிறகும் வந்து, "கவலைப்படாதீர்கள் பிரதர், இதிலும் தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்றார். பாக்கியரத்தினம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்ன அதே வசனம் அது. கட்டிலில் கிடந்து கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவருடைய மனைவி றோஸ்மலர் அக்கா வத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். ஆண்கள் வார்டு என்பதால் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் பாக்கியரத்தினத்துக்குத் துணையாக இருந்தது பக்கத்துக் கட்டில்காரர். பெயர் அபூதாஹிர், வயதானவர், கிண்ணியாவில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தவர். வெற்றிலையும் புகையிலையும் கொடுத்த புற்று அவருக்குக் கன்னத்தில். வாயைத் திறப்பதே கஷ்டம். ஒரே ஊர்ப் பக்கம் என்று தெரிந்ததும் தன் கதிரையை இழுத்து இவருடைய கட்டிலோடு போட்டுக்கொண்டார். நேர்ஸ் வந்து துவாரத்தில் குழாய் விட்டுச் சளி எடுக்கும்போதெல்லாம் பாக்கியரத்தினத்துக்கு மூச்சு முட்டிக் கண் பிதுங்கும். அப்போது அபூதாஹிர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"நான் இரிக்கன், தம்பி."

அவ்வளவுதான் சொல்லுவார். வேறு ஆறுதல் ஒன்றும் இல்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்றோ, எல்லாம் சரிவரும் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. தொழுகை நேரத்தில் எழும்பிப் போவார், திரும்பி வந்து அதே கதிரையில் இருப்பார். அந்தக் கை இல்லாவிட்டால் தான் மனதால் செத்திருப்பேன் என்று பாக்கியரத்தினம் பின்னால் எனக்கு எழுதிக் காட்டினார்.

ஊருக்கு வந்த பிறகு அவர் ஆலயத்துக்கு வர மறுத்தார். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு முன் விறாந்தையில் இருப்பார். யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார். வேதாகமத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதாக றோஸ்மலர் அக்கா சொல்லி அழுதார். கோபம் மனிதர்மேல் இல்லை. வாயைத் தந்து, அந்த வாயைத் தன் வேலைக்கு எடுத்து, பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டவர்மேல்தான் கோபம்.

சில மாதங்களில் கிண்ணியாவிலிருந்து செய்தி வந்தது. அபூதாஹிர் மௌத்தாகிவிட்டார். பாக்கியரத்தினம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே புறப்பட்டார். பஸ்ஸில் பாலம் கடந்து அவரும் றோஸ்மலர் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. றோஸ்மலர் அக்கா உள்ளே ஆமினா உம்மாவிடம் போனார். அபூதாஹிரின் மனைவி அவர். பாக்கியரத்தினம் வாசலில் ஆண்களோடு இருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு செத்த வீட்டில் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அபூதாஹிரின் மகன் ஜவ்பருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். ஆட்கள் வந்தார்கள், ஸலாம் சொன்னார்கள், போனார்கள். பின்னேரம் முழுக்க இவர் எழும்பவில்லை. ஜவ்பர் கண்ணைத் துடைத்தபோது அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

புறப்படும்போது ஜவ்பர் பஸ் வரும் இடம்வரை கூடவே வந்தான். "கன பேர் வந்தாங்க, கன கதை சொன்னாங்க. நீங்க வந்து இரிந்ததுதான் எனக்கு வாப்பா பக்கத்துல இரிந்த மாதிரி" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் பாக்கியரத்தினம் யன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கைத்தொலைபேசியை எடுத்து, தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மனைவியிடம் நீட்டினார். லக்சனா ஏன் ஆலயத்துக்கு வராமல் விட்டவள் என்று கேட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சசிகரன் பார்க்க வந்தான், அவள் வரவில்லை. அது அவருடைய மனதில் கிடந்திருக்கிறது.

றோஸ்மலர் அக்கா அவருடைய கழுத்துத் துணியை மாற்றிவிட்டு, எதிரே கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

"அவளுக்கு உங்களிலதான் கோவம். கெசியாவை அடக்கம் பண்ணின அண்டைக்கு நீங்கள் பூவெண்டு சொன்னனீங்கள். ஆண்டவருக்குப் பூ வேணுமெண்டா ஊரில இருக்கிற பூவெல்லாம் காணாதோ, என்ரை பிள்ளையை ஏன் பறிச்சவர் எண்டு என்னட்டக் கேட்டவள். நான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு பதில் வைச்சிருப்பியள்."

அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் தனியாகச் சாம்பல்தீவுக்குப் போனார்.

லக்சனா முற்றத்தில் சாக்கு விரித்து, பிடுங்கிய வெங்காயத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். படலையைத் திறந்து வந்தவரைக் கண்டதும் அவளுடைய கை நின்றது. எழும்பிக் குசினிக்குப் போகத்தான் பார்த்தாள். அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருந்த ஒரு சொல். மன்னியுங்கோ. அவள் வாசித்தாள், திருப்பிக் கொடுத்தாள். போகச் சொல்லவில்லை. அவர் சாக்கின் மறுகரையில் இருந்து ஒரு பிடி வெங்காயத்தை எடுத்து, அவள் செய்வதைப் பார்த்து வேரையும் காய்ந்த தோலையும் நீக்கத் தொடங்கினார். மதியம்வரை இருவரும் ஒரு சொல்லும் இல்லாமல் வேலை செய்தார்கள். பிறகு அவர் எழும்பிக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். அந்த மூன்றாம் முறைதான் லக்சனா வாய் திறந்தாள். அவரைப் பார்க்காமல், கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தபடி கதைத்தாள். கெசியாவுக்கு வெங்காயத் தாளைத் தலையில் செருகிக்கொண்டு திரிய விருப்பம் என்றாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்து சிவப்புச் சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாளாம். நாளைக்குக் கொண்டுவருவம் என்று தாய் சொல்லியிருக்கிறாள். அந்த நாளை வரவில்லை. பெட்டிக்குள் வெள்ளைச் சப்பாத்தைத்தான் போட்டார்கள். அவசரத்தில் அதைத்தான் யாரோ வாங்கி வந்தார்களாம்.

"பிள்ளை போனபிறகு எல்லாரும் எனக்குச் சொன்னவை. ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "என்ரை பேரைச் சொல்லி ஆலயத்தில ஜெபம் பண்ணினீங்களாம். நான் ஆண்டவரை விடேல்லை ஐயா. உங்கட சத்தத்தைக் கேக்க எனக்கு ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான்."

பாக்கியரத்தினம் அழுதார். குரல்வளை இல்லாதவருடைய அழுகைக்கு ஓசை இல்லை. தோள் குலுங்கும், கழுத்துத் துவாரத்தால் மூச்சு சீறும், கண்ணீர் வரும், அவ்வளவே. லக்சனா பயந்துபோய் எழும்பி, ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்க ஏலுமோ என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவர் குடித்து முடியும்வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

அன்றைக்குக் குரல் இருந்திருந்தால் தான் கட்டாயம் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அவளை இரண்டாம் முறையும் இழந்திருப்பேன் என்று அவர் எனக்கு எழுதிக் காட்டினார். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார். சிலுவைக்குப் போக முன் ஆண்டவர் தோட்டத்தில் வைத்துத் தம் சீஷரிடம் கேட்டது ஆறுதல் வார்த்தையை அல்ல, கொஞ்ச நேரம் தம்மோடு விழித்திருக்கும்படிதான். இருபது வருடமாக அதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியும் தனக்கு அது விளங்கவில்லை என்று.

குரல் போனது நல்லது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. இன்றைக்கும் பாட்டு வேளையில் அவருடைய உதடு அசையும், பிறகு நின்றுவிடும். ஆனால் ஆலயத்துக்கு வருகிறார். வாரத்தில் சில பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்க ஆள் வராதவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர்கள் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை, கேட்கவும் ஏலாது. சிலர் அவரைத் திட்டியும் அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த முறை கெசியாவின் நினைவு நாளுக்கு லக்சனாவே ஆட்களைச் சொல்லி அழைத்தாள். போதகர், பாக்கியரத்தினமும் றோஸ்மலர் அக்காவும், எங்களில் கொஞ்சப் பேர். காலை வெயில் ஏறமுன் சேமக்காலையில் கெசியாவின் கல்லறையடியில் கூடினோம். கல்லறையைக் கழுவி மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது லக்சனா தடுத்தாள். பாக்கியரத்தினம் ஐயா ஜெபம் பண்ணட்டும் என்றாள்.

அவர் திகைத்துப்போய்த் தன்னுடைய கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும் ஐயா. அதாலதான் உங்களைக் கேட்டனான்."

அவர் கல்லறைக்குப் பக்கத்தில் மெல்ல முழங்காற்படியிட்டார். நாங்கள் தலையைக் குனிந்தோம். அவர் என்ன கேட்டார், எவ்வளவு நேரம் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. மூச்சுப் போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது. எப்போது முடியும் என்று தெரியாததால் ஒருவரும் அசையவில்லை. சசிகரன் அழுதுகொண்டிருந்தான். அப்போது லக்சனா ஆமென் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அவள் உபதேசியாரின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, வெயில் ஏறுது, வீட்டுக்கு வாங்கோ என்று எல்லோரையும் கூப்பிட்டாள்.