சுப்பாத்தாளக்கா மறைத்த எரிச்சல்

வெள்ளகோவிலில் எங்கள் தறிப் பட்டறையில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பது நானும் சுப்பாத்தாளக்காவும்தான். ஒரு பாவு தீர்ந்ததும் அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். அறுபத்து மூன்று வயதில் அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்று முகாம் போட்டு, பஸ்ஸில் கூட்டிப்போய், சோறு போட்டு, வலது கண்ணுக்கு இலவசமாக ஆபரேசன் செய்து அனுப்பியது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கால் மணி நேரம் பிணைப்பதற்குள் கண்ணில் நீர் வழியும், இழை மங்கும். அவர் பிணைத்தவை தறியில் அறுந்துகொண்டே இருந்தன. முதலாளி வெங்கடபதி நல்ல மனுஷர்தான். ஆனாலும், "இந்த மாசம் பாக்கலாங்கம்மா, முடியலீன்னா ஊட்ல இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா தனிக்கட்டை. வேலை போனால் வேறு என்ன இருக்கிறது?

மறுபரிசோதனைக்கு நான் கூடப் போனேன். டாக்டர் அக்ஷிதா, "கண்ணு எப்படி இருக்குதுங்கம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க அம்மணி." சொல்லும்போதே நீர் வழிகிறது. போன தடவையும் இதையே சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யிங்க டாக்டர். மண்ணு உழுந்தாப்ல உறுத்துதுன்னு தெனமும் பொலம்பறாங்க" என்று போட்டு உடைத்தேன்.

அக்கா என்னைக் கிள்ளினார். "சும்மா இரு புவனா. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறதா? காசு வாங்காமப் பாத்தவங்ககிட்டக் கொறை சொல்லலாமா?"

"உங்க கண்ணு என்ன மாடுங்களாக்கா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் சொருகிப் பார்த்தார். "ஆபரேசன் சுத்தமா இருக்குதுங்க. கண்ணுதான் காஞ்சுபோயிருக்குது."

"தண்ணி ஊத்துதுங்களே?"

"அது எரிச்சலுக்கு வர்ற தண்ணிங்கம்மா. கண்ணைக் காக்கற ஈரம் வேற. சொட்டு மருந்து தாரேன், நாலு வேளையும் உடுங்க. இழையவே பாத்துட்டுச் சிமிட்ட மறந்துபோடறீங்க, அதையும் பாத்துக்குங்க. மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை நாள் எரிஞ்சிருக்காது."

அன்றிலிருந்து நான் அவரை விடவில்லை. "சிமிட்டுங்கக்கா, மருந்து உட்டீங்களாக்கா" என்று உயிரை எடுத்தேன். "எமன் கூடத் தேவலாம்" என்று வைதார். வைதுகொண்டே அண்ணாந்து சொட்டு விட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஒரு புதுப் பாவு ஏறியது. வலது பாதி அவர், இடது பாதி நான். முதலாளி வந்து பக்கத்தில் நிற்க, தறி ஓடியது. இரண்டே இழை அறுந்தன. இரண்டும் என் பக்கம்.

"திங்கக்கெழமை அடுத்த பாவுங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு முதலாளி போனார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ வாயத் தொறக்கலீன்னா நா இன்னேரம் ஊட்ல செவுத்தப் பாத்து உக்காந்திருப்பேன். நீ நல்லாருக்கோணும் அம்மணி."

இந்த வாயைத் திட்டாதவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. அன்று எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.