ஆப்பில் பெய்யாத சாரல்

போன வாரம் தென்காசியில் மழை பெய்யவில்லை.

குடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் என் மேல் பாய வேண்டாம். நான் சொல்லவில்லை. சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்கிற ஒரு ஆப் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆப் — பொய் சொல்லுமா?

என் மனைவி கோமதியை உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு தடவையாவது இந்தப் பத்தியில் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறவள். ஊரை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறும் புவியியலும் எடுக்கிறாள். பதினெட்டு வருஷமாகச் சாக்பீஸ், அட்லஸ், தொண்டை — இந்த மூன்றையும் வைத்தே ஓட்டிவிட்டாள். இந்த வருஷம் பள்ளிக்கு நவீனம் வந்தது. வகுப்பில் பெரிய திரை, ஆளுக்கொரு டேப்லெட், பாடமெல்லாம் ஆன்லைனில். டீச்சர் என்ன செய்ய வேண்டும்? பட்டனை அமுக்கிவிட்டு, பிள்ளைகள் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்றுக்கு, 'உங்கள் ஊரின் வரலாறு' என்று ஒரு ரெடிமேட் கட்டுரை. ஊர்ப் பெயர் வருகிற இடமெல்லாம் கோடு போட்டிருக்கும், நிரப்பினால் போதும். பிள்ளைகளும் நிரப்பினார்கள். ஒரே பீரியடில் ஆய்க்குடி பழம்பெரும் துறைமுக நகரமாகிவிட்டது. கப்பல் எந்த வழியாக வந்தது என்று ஆப் கேட்கவில்லை. முழு மார்க் போட்டுவிட்டது.

அப்புறம் நீர்வீழ்ச்சிகள் பற்றி ஒரு வீடியோ. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. பாதியில் நெட் போய், அருவி அப்படியே அந்தரத்தில் நின்றது. குற்றாலத்துப் பிள்ளைகள் அருவி வற்றிப் பார்த்திருக்கிறார்கள். விழுகிற தண்ணீர் பாதி வழியில் நின்று யோசிப்பதை அன்றுதான் பார்த்தார்கள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நிஜ அருவி... ஆனால் அதற்குப் பாஸ்வேர்டு கிடையாதே, அதில் என்ன கல்வி இருந்துவிடப் போகிறது?

இதையெல்லாம் கேட்டு வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பருவக்காற்றுப் பாடம் வரும்வரை.

பாடம் முடிந்ததும் ஆப்பே பத்துக் கேள்வி கேட்கும், ஆப்பே திருத்தும், ஆப்பே தாளாளருக்கு ரிப்போர்ட் அனுப்பும். 'தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் உங்கள் பகுதியில் மழை பெய்யுமா?' என்று ஒரு கேள்வி. அதையே திருப்பியும் புரட்டியும் இன்னும் நாலு கேள்வி. வெளியே ஆனிச் சாரல் ஜன்னல் வழியாக வந்து முதல் பெஞ்சை நனைத்துக்கொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளும் 'பெய்யும்' என்று தட்டினார்கள்.

தவறு. தவறு. தவறு. 'தமிழகம் மழை மறைவுப் பகுதி. இந்தக் காலத்தில் மழை பெய்யாது' என்று விளக்கம் வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து நம் பக்கம் சாரலைக் கொட்டுகிற விஷயம், எங்கோ ஏ.சி. அறையில் பாடம் தயாரித்தவருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. தெரியாமலே 'உங்கள் பகுதி' என்று உரிமையோடு கேட்டாரே, அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பத்தில் ஐந்து தவறு; ரிப்போர்ட்டில் வகுப்பு மொத்தமும் சிவப்பு. மறுநாளே தாளாளர் கூப்பிட்டுவிட்டார். இரும்புக்கடை வைத்திருப்பவர், கெட்டவர் இல்லை. குடையை உதறி மடக்கி, தலையைக் கைக்குட்டையால் துவட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாராம்.

"என்ன டீச்சர், உங்க கிளாஸ் மட்டும் இப்படிச் செவந்து கிடக்கு?"

"சார், கேள்விதான் தப்பு. மழை பெய்யுதுல்லா? அங்கன பாருங்க."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்தார்.

கோமதி அட்லஸை விரித்து மலையையும் கணவாயையும் காட்டினாள்.

"அது பழைய புக்கு டீச்சர். இது தெனமும் அப்டேட் ஆகுது. வெள்ளிக்கிழமை மறு டெஸ்ட். பச்சை வரணும். வரலேன்னா பத்தாம் கிளாஸைக் கம்ப்யூட்டர் சாருக்குக் கொடுத்துட்டு, உங்களை மூணாம் கிளாஸுக்குப் போடுதேன். தப்பா நினைக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆப் கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். பிரச்சினையின் ஸ்க்ரீன்ஷாட் இணைக்கவும்' என்று உடனே பதில். மழைக்கு எப்படி ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது? நானே மாடியில் நின்று சாரலைப் படம் பிடித்து அனுப்பி வைத்தேன். 'படம் தெளிவாக இல்லை' என்று வந்தது. லென்ஸில் தண்ணீர்!

அப்போதுதான் ஒரு யோசனை சொன்னேன். "பேசாம 'பெய்யாது'ன்னு போடச் சொல்லிரு. அஞ்சு கேள்விதான? பச்சை வந்துரும், கிளாஸும் உன் கையை விட்டுப் போகாது."

ஊருக்கெல்லாம் வாராவாரம் நியாயம் எழுதுகிறவன், வீட்டில் சொன்ன நியாயம் இது. அந்த நேரத்தில் அது அருமையான யோசனையாகத்தான் பட்டது என்பதையும் வெட்கத்தோடு எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோமதியும் அதே முடிவோடுதான் வகுப்புக்குள் போனாள். "மழைக் கேள்வி எல்லாத்துக்கும் பெய்யாதுன்னு போடுங்க" என்று சொல்லியும் விட்டாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தார்கள். இலஞ்சியிலிருந்து வருகிற இசக்கிப்பிரியா மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க அப்பா நேத்துதான் கார் நெல்லு நடவு முடிச்சாவ. மழை இல்லாமலா நட்டாவ?"

"ஆப்புக்கு அப்படித்தான் வேணுமாம்ட்டி. போட்டுரு."

"நீங்க சொன்னா போடுதேன் டீச்சர். எங்க அப்பாகிட்டயும் அப்படியே சொல்லிரட்டுமா?"

கிண்டல் இல்லை. அந்தப் பிள்ளை நிஜமாகவே கேட்டிருக்கிறாள். டீச்சர் சொன்னால் அது பாடம் அல்லவா? கோமதி ஜன்னலைப் பார்த்தாளாம். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்த ஒன்றை இல்லை என்று சொன்னது அன்றுதான்.

"எல்லாத்தையும் அழிங்க. கண்ணால எதைப் பாக்குதீங்களோ அதையே போடுங்க."

நாற்பது பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். மறுபடியும் ரத்தச் சிவப்பு.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பு கம்ப்யூட்டர் சார் கைக்குப் போனது. அவர் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தார். புதன்கிழமை வகுப்பு பச்சைப் பசேல் என்று ஆனது. தாளாளர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். குரூப் போட்டோ மைதானத்தில் எடுப்பதாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் வராண்டாவில் எடுத்தார்கள்.

ஆன்லைன் பாடமே கூடாது என்று கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான். பழைய வரைபடங்கள், கல்வெட்டுப் படங்கள், அகழாய்வு வீடியோக்கள் என்று இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நானே மணிக்கணக்கில் மேய்கிறேன். திரையில் உலகத்தையே காட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? அது சொல்வது சரிதானா என்று பார்த்துச் சொல்லத்தானே வகுப்பில் ஒரு டீச்சர் நிற்கிறார்... அவரைத் திரைக்குக் காவல் வைத்துவிட்டு, திரையை அவருக்கு அதிகாரி ஆக்கினால் எப்படி?

கோமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க யோசனையைக் கேட்டுட்டு கிளாஸுக்குள்ள போனேம்லா, அது என் தப்பு" என்றாள். இதற்குமேல் ஒரு மனுஷனைத் திட்ட முடியாது.

அந்தப் பத்தாம் வகுப்பை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை அவள். எனக்கும் வயிறு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது? நேற்றுதான் கொஞ்சம் தேறினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், கையை வெளியே நீட்டச் சொல்லி, "காத்து எங்கேருந்து வருது?" என்று கேட்டாளாம். அத்தனை பேரும் மலைப் பக்கம் கையைக் காட்டினார்களாம்.

மூன்றாம் வகுப்புக்கு இன்னும் ஆப் வாங்கவில்லை. அங்கே மழை பெய்கிறது.